எந்தப் பெயரில் நிறுத்துவது

இன்று புருசெத் நிலையத்தில் ரி-பானே ரயிலை விட்டு இறங்கியபோது, ஒரு பெண் சோமாலிச் சாம்பிராணி மணக்க என்னைக் கடந்து போனார். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நாம் முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலை செய்த நாட்களில் உமது சால்வையும் இப்படித்தான் மணக்கும். நோய் உம்மைக் கொண்டுபோய் ஒரு குளிர்காலமும் கழிந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

நம் இல்லத்தில் இருந்த, உம் நாட்டுக்காரரான அந்தச் சோமாலிப் பெரியவரைத்தான் முதலில் நினைத்தேன். பக்கவாதத்தில் நோர்வேஜிய மொழியை மறந்து, உமது கையால் மட்டும் கஞ்சி குடித்தவர். "நீ ஆற்றை பிள்ளை?" என்று ஒரு நாள் உம்மைக் கேட்டார். நீர் அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று ஏறி, உங்கள் குலத்துக்குப் பெயர் தந்தவரில் நிறுத்தினீர். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உங்கள் நாட்டுச் சண்டையில் உங்கள் இருவரின் குலங்களும் எதிரெதிர். உம்மை வீட்டை விட்டுத் துரத்தியதே அவருடைய ஆட்கள்தான், முகத்தைத் திருப்பியதோ அவர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேறை பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"என்ரை அப்பாவை நான் ஒளிக்கிறதோ?" என்றீர். நாம் கதைத்தது நோர்வேஜிய மொழியில். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

அடுத்த நாளும் அவர் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று வைத்தியர் சொன்னார். நீர் கஞ்சிக் கோப்பையோடு அவர் பக்கத்தில் இருந்து, மறுபடியும் உம் அப்பாவிலிருந்து தொடங்கினீர். குலத்தின் பெயர் வந்தது. நீர் நிறுத்தவில்லை. அதற்கு மேலே, இன்னும் மேலே. சுவரைப் பார்த்தபடியே அவரும் தன் பெயர்களை முணுமுணுக்கத் தொடங்கினார். இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு வாய்ப்பாடு சொல்வதுபோல் இருந்தது. திடீரென்று இரண்டு வாயிலிருந்தும் ஒரே பெயர் வந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பெயரும் ஒன்றுதான்.

அவர் திரும்பினார். "அதேர்," என்று சொல்லி வாயைத் திறந்தார். சோமாலியில் அப்படியென்றால் பெரியப்பா என்று எனக்குச் சொன்னீர்.

"அவரெல்லோ உமக்குப் பெரியப்பா?"

"எங்களிலை பெரியப்பாவும் பிள்ளையை அப்பிடித்தான் கூப்பிடுவார்."

என் அம்மாவும் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவா என்று சொல்லி, இருவரும் சிரித்தோம். கோபமில்லையா என்று பிறகு கேட்டேன். "கோபம் இருக்கு. ஆனா எந்தப் பேரிலை நிப்பாட்டிறது எண்டது என்ரை விருப்பம்." உம்மைப் போல் பெரிய மனசுக்காரியை நான் கண்டதில்லை.

போன மாதம் குரோருட்டில் ஒரு தமிழ்க் கலியாணத்தில், அருகில் இருந்த அம்மா ஒருவர், "பிள்ளை, ஊரிலை எவடம்? ஆற்றை ஆக்கள்?" என்று தோண்டினார். என்ன சாதி என்று அறியத்தான் அந்தக் கேள்வி. முன்பென்றால் வெடுக்கென்று எழும்பிப் போயிருப்பேன். இம்முறை அப்பா, அப்பப்பா, பூட்டன் என்று சொன்னேன். "இதுக்கு மேலை எனக்குத் தெரியாதம்மா. நீங்கள் உங்கடையைச் சொல்லுங்கோ, எங்கையாவது சந்திப்பம்."

அவரும் பூட்டனோடு நின்றுவிட்டார். "மேலை போனா எல்லாரும் ஒண்டாய்த்தான் இருப்பம் போலை," என்றார்.

சொன்னது அவர். சொல்ல வைத்தது நீர்.