பிடில் இல்லாமல் வாருங்கள்

ஓல்ட்ரூப், ஃபூன் தீவு
12 ஜனவரி 1935

என் செல்ல மகள் தாக்னிக்கு,

உன் கடிதம் வந்தபோது பட்டறையில் ஒரு மரச்செருப்பைக் குடைந்துகொண்டிருந்தேன். பாதியில் போட்டுவிட்டு எதிர்வீட்டு ஹெட்விக்கிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "மாப்பிள்ளை மீன்பிடிக்கிறவனா? அப்போ ஊர்ப் பூனையெல்லாம் இனிமே உன் வீட்லதான்" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

கல்யாணம் பெண் வீட்டில் நடப்பதுதான் முறை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூட்டுவலி, ரயிலும் கப்பலும் ஏறி இறங்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். சரி, அங்கேயே நடக்கட்டும். அதில் நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் விருந்து முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடுகிற வால்ட்ஸ் மட்டும் என்னுடையது. இந்தத் தீவில் எத்தனையோ வீட்டுப் பெண்களை என் பிடில் ஆட வைத்திருக்கிறது. என் பெண் ஆடும்போது வேறொருவன் வாசிக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனா? உனக்காகப் புதிதாக ஒரு மெட்டுப் போட ஆரம்பித்திருக்கிறேன். முதல் பாதி தானாக வந்தது. இரண்டாம் பாதி முரண்டு பிடிக்கிறது.

பையனுக்கு ஆடத் தெரியுமா? இல்லையென்றால் இப்போதே பழக்கு. ராத்திரி பன்னிரண்டு அடிப்பதற்குள் ஆடி முடிக்க வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டிக்கொண்டே நெருங்கி வருவார்கள். கடைசியில் உங்கள் இரண்டு பேருக்கும் நிற்கத்தான் இடமிருக்கும். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளைகள் பதறிப்போய்ப் பெண்ணின் காலை மிதிப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
லவுரிட்ஸ்


சான்ட்பியர், மேற்குக் கரை
3 பிப்ரவரி 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

டாக்டர் வீட்டில் புதன்கிழமை பிற்பகல் எனக்குச் சமையல் வேலை இல்லை. அப்போதுதான் தோகருக்கு வால்ட்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். மணல்மேட்டுக்குப் பின்னால், அலை வடிந்து தரை இறுகிக் கிடக்கும் இடத்தில். முதல் நாள் கடல் பூட்ஸோடு வந்து நின்றான். வலையை இழுப்பதுபோல் இழுக்காதே என்றேன். "வலையை இழுத்தா மீனாவது வரும், உன்னை இழுத்தா திட்டுதான் வருது" என்கிறான். ஆனால் அப்பா, அவனுக்குக் காலில் தாளம் இருக்கிறது. படகில் நின்று பழகியவன். உடம்புக்குச் சாயத் தெரியும்.

உங்களுக்கு இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது. தோகரின் வீட்டார் மிஷன்காரர்கள், ஜெபமே வாழ்க்கை என்றிருக்கும் கண்டிப்பான சபை. இந்தக் கரையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சீட்டு, சாராயம், ஆட்டம் மூன்றும் வாசற்படி ஏறக் கூடாது. முன்பு இவர்கள் வீட்டில் இவ்வளவு கண்டிப்பு இல்லையாம். ஆறு வருஷத்துக்கு முன் தோகரின் அண்ணன்மார் இருவரும் ஒரே புயலில் போனார்கள். அதற்குப் பிறகு அவன் அப்பா கிரெஸ்டன் ஜெபவீட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை.

நாங்கள் ஆடிப் பழகுவது அவருக்குத் தெரியாது. நேரம் பார்த்துத் தானே பேசுவதாகத் தோகர் சொல்கிறான். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

உங்கள்
தாக்னி


ஓல்ட்ரூப்
20 பிப்ரவரி 1935

தாக்னிக் கண்ணு,

பயப்படாதே. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்த எத்தனை மாமனார்களை நான் பார்த்திருக்கிறேன்! மூன்றாவது பாட்டு வருவதற்குள் மேஜைக்கு அடியில் அவர்கள் கால் தட்டுவது எனக்குக் கேட்கும். கடவுள் காலைக் கொடுத்தது முழங்கால் போடுவதற்கு மட்டுமா என்று உன் மாமனாரிடம் நானே கேட்கிறேன். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த மனிதர் என்பதால் மரியாதையாகவே கேட்கிறேன்.

பிடிலுக்குப் புதுத் தந்தி போட்டாயிற்று. ரயிலில் குளிர் தாக்காமல் இருக்க ஹெட்விக் தன் கம்பளிச் சால்வையைக் கொடுத்திருக்கிறாள், எனக்கில்லை, பிடிலுக்கு.

அப்பா


சான்ட்பியர்
17 மார்ச் 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

தூண்டிலுக்கு இரை தோண்ட வந்த சிட்செல் என்கிற பெண், மணலில் நாங்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோகர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடியும்வரை கிரெஸ்டன் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டார்.

"மணல்ல என்னடா பண்ணிக்கிட்டிருந்த?"

"வால்ட்ஸ் பழகுறோம்பா. கல்யாணத்துக்கு."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றார்.

"உங்க அண்ணனுங்க ரெண்டு பேரையும் பெட்டியில வெச்சிருந்த இடம் இது. இங்கதான் ஆடணும்னா ஆடு. நானும் உங்கம்மாவும் வெளியில நின்னுக்கிறோம்."

அவன் அம்மா ஆனெ அழவில்லை. தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடுக்கியதையே எடுத்து மறுபடி அடுக்கினாள்.

திரும்பி வரும் வழியில் தோகர் சொன்னான்: "நீ ஆடணும்னு சொன்னா ஆடுறேன். சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் எங்கம்மா முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்னு தெரியல."

ஆட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அப்பா. மறுநாள் கிரெஸ்டனிடமும் போய் வாக்குக் கொடுத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அந்த அறையில் உங்கள் வில் தந்தியில் படுகிற நேரம் ஆனெ எங்கே போய் நிற்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

பிடில் இல்லாமல் வாருங்கள். என் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப் போக நீங்கள் வேண்டும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உங்கள்
தாக்னி


ஓல்ட்ரூப்
26 மார்ச் 1935

தாக்னிக்கு,

அந்த வீட்டாரின் துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் என் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. உன் அம்மாவை எடுத்துப் போன பிறகு நீ சோறு தண்ணீர் இல்லாமல் மூலையில் கிடந்தாய். இந்தப் பிடிலை வாசித்து வாசித்துத்தான் உன்னைச் சாப்பிட வைத்தேன். அதைப் பாவம் என்று சொல்லும் வீட்டில் எனக்கு என்ன வேலை?

இடத்தை விட்டுக்கொடுத்தேன். இதையும் விட்டுக்கொடுத்தால் நான் என்று எதுவும் மிஞ்சாது. டாக்டரையே கையைப் பிடித்துக் கூட்டிப் போகச் சொல். நல்ல மனிதர் என்று எழுதியிருந்தாயே.

லவுரிட்ஸ்


சான்ட்பியர்
2 மே 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

கல்யாணம் முடிந்தது. நீங்கள் சொன்னபடி டாக்டர்தான் கூட்டிப் போனார். கோயில் மணி அடிக்கும்வரை ஸ்டேஷன் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் எழுதிவிட்டீர்கள், கிளம்பி வந்துவிடுவீர்கள் என்றுதான் இருந்தேன்.

விருந்தில் உங்கள் நாற்காலியை எடுக்க வேண்டாம் என்று ஆனெ சொல்லிவிட்டாள். "நாங்கதான் காரணமாம்மா?" என்று காதோடு கேட்டாள். உங்களுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொய் சொன்னேன். சூப், வறுத்த இறைச்சி, காபி, பிறகு ஜெபப் பாட்டு. பத்து மணிக்கெல்லாம் எல்லோரும் போய்விட்டார்கள். நம் ஊரில் அப்போதுதானே நீங்கள் தந்தியை முறுக்க ஆரம்பிப்பீர்கள்?

அடுப்பங்கரையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். தோகர் வந்து என் கையிலிருந்த துணியை வாங்கிக் கீழே வைத்தான். நான் பழக்கிய மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்றான். "இது அந்த ரூம் இல்லையே" என்றான். அடுத்த அறையில் அவன் அப்பா இருமுவது கேட்டது. அப்படியே நின்றோம், அப்பா. என் கால் நகரவில்லை. வேண்டாம் என்றேன். வாக்குக் கொடுத்தவள் நான். அவன் துணியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

உங்கள்
தாக்னி


ஓல்ட்ரூப்
24 ஜூன் 1935

தாக்னிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை அதிகம். மெட்டின் இரண்டாம் பாதி ஒருவழியாக வந்துவிட்டது. சனிக்கிழமை மில்காரர் மகள் கல்யாணத்தில் அதை வாசித்தேன். நன்றாக ஆடினார்கள். யாருடைய மெட்டு என்று கேட்டார்கள். பழையது என்று சொல்லிவிட்டேன்.

லவுரிட்ஸ்


சான்ட்பியர்
1 டிசம்பர் 1935

அன்புள்ள அப்பாவுக்கு,

மில்காரர் மகளைப் பற்றிப் படித்த பிறகு, இனி உங்களுக்கு எழுதுவதில்லை என்றிருந்தேன். மனம் கேட்கவில்லை.

போன மாதம் புயல் வந்தபோது படகுகள் வெளியே இருந்தன. இரண்டு இரவு, ஒரு செய்தியும் இல்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை; பெண்கள் அவர்களாகவே வந்தார்கள். ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். ஆனெ என் கையை விடவே இல்லை. சிட்செல் ரொட்டி கொண்டுவந்தாள். அவள் புருஷனும் கடலில்தான் இருந்தான். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, கூடவே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை தோகரின் படகு வந்தது. சிட்செலின் புருஷன் போன படகு வரவில்லை.

பிறகு நாங்கள் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். எல்லோரும் முழங்கால் போட்டார்கள். நானும் போட்டேன். பார்க்கிறார்களே என்று போடவில்லை, அப்பா. அடுத்த ஞாயிறு ஜெபவீட்டில் எழுந்து நின்று, உங்களில் ஒருத்தியாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன்.

இனி நான் ஆட மாட்டேன். உங்கள் மெட்டையும் கேட்க மாட்டேன். அன்று அடுப்பங்கரையில் இருந்த ஏக்கம் இப்போது இல்லை. இதை மறைத்துவைத்து உங்களுக்கு இனிப்பாக எழுதிக்கொண்டிருக்க என்னால் முடியாது. தினமும் உங்களுக்காக ஜெபம் செய்கிறேன். இது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

உங்கள் மகள்
தாக்னி


ஓல்ட்ரூப்
11 டிசம்பர் 1935

அன்பு மகள் தாக்னிக்கு,

புயல் செய்தியைப் பத்திரிகையில் அப்போதே பார்த்தேன். படகின் பெயர் போட்டிருந்தது, ஆட்களின் பெயர் இல்லை. மாப்பிள்ளையின் படகுக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை. எழுதிக் கேட்கப் பயந்துகொண்டு, உன் கடிதம் வரும்வரை தபால்காரனைப் பார்த்தபடியே இருந்தேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு இரவும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்கள்தான், நானில்லை.

நீ என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும் புத்தாண்டு கழிந்ததும் வருகிறேன். இரண்டு கல்யாணத்துக்கு வாசிக்கக் கேட்டிருந்தார்கள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பிடில் ஹெட்விக் வீட்டில் இருக்கும்.

சாப்பாட்டுக்கு முன் உங்கள் வீட்டில் என்ன பாட்டுப் பாடுவீர்கள்? வரிகளை எழுதி அனுப்பு. எல்லோரும் பாடும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உன் மாமனார் தப்பாக நினைப்பார்.

உன் அப்பா
லவுரிட்ஸ்