லெட்சுமியின் சீம்பால்

13.8.1983, சனி

நேற்றுக் கன்று போட்ட எங்கள் பசு லெட்சுமி இன்று காலையில் எழுந்திருக்கவில்லை. காது சில்லென்று இருந்தது. அப்பா காப்பார் பட்டணத்திலிருந்து மாட்டு டாக்டரை அழைத்து வந்தார்.

"நேத்து எவ்வளவு கறந்தீங்க அண்ணே?"

"சொட்டு விடல டாக்டர். எல்லா வீட்டுக்கும் சீம்பால் குடுக்கணும்லா."

"அதான் விழுந்துருச்சு. ரத்தத்துல உள்ள கால்சியம் பால்ல போயிருச்சு."

எந்தப் புத்தகத்திலும் இதைப் படித்ததில்லை. ஏழு வீடுகளுக்குச் சீம்பால் கொண்டுபோனவள் நான்தான்.

டாக்டர் கழுத்து நரம்பில் கால்சியம் மருந்தை மெல்ல ஏற்றினார். பாட்டில் முடிவதற்குள் லெட்சுமி ஏப்பம் விட்டு, தடுமாறி எழுந்தது.

"ரெண்டு நாளைக்குக் கொஞ்சமாத்தான் கறக்கணும். திரும்பவும் விழலாம்," என்றார்.

மாலையில் கோடி வீட்டு ஆன்டி கிண்ணத்தோடு வந்தார். "எங்களுக்கு மட்டும் சீம்பால் இல்லையா?"

அம்மா கூச்சத்தோடு வாளியை எடுத்தார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.