கோபுரவாசலில் அளவு எழுதிய நாட்கள்

1911 ஜனவரி 18, புதன்

காலையில் பனி. பாளையங்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் ஆற்றுப்பாலம் தாண்டி டவுன். சென்னை ஆபீஸ் உத்தரவு: பெரிய கோயில் மண்டபங்களுக்கு அளவுப்படம். நான் கிறிஸ்து வேதக்காரன், கோபுரவாசல் வரைதான் விடுவார்கள். அளவுச் சங்கிலி பிடிக்கும் மாடசாமி அண்ணாச்சி உள்ளே அளந்து வந்து சொல்லுவார், வாசலில் பலகை வைத்து நான் எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. பிறந்த ஊர்க் கோயிலை அடுத்தவர் வாயால் கேட்டு வரைகிறேன்.

வழியில் மேல ரத வீதி, அப்பாவின் அரிசிக்கடை. தம்பி உட்கார்ந்திருந்தான். அப்பா சாப்பிடப் போயிருப்பார். தம்பி என்னைப் பார்த்தான், உடனே தராசைப் பார்த்துக்கொண்டான். பதின்மூன்று வருஷம் முன்பு நான் ஞானஸ்நானம் எடுத்த வாரமே வீட்டில் எனக்குக் கருமாதி செய்து தலைமுழுகிவிட்டார்கள். செத்தவனோடு யார் பேசுவார்கள். சென்னையிலிருந்து கடிதம் போட்டால் பிரிக்காமல் திரும்பி வரும்.

அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும். கெஞ்சி இந்த வேலையை வாங்கியது அதற்குத்தான். பேசக்கூட வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தவறாமல் விளக்குப் போட வருவாள்.

19, வியாழன்

பென்சில் 2, ரப்பர், தலைவலித் தைலம்.

சங்கீதத் தூண்கள் இன்று. ஒரே கல்லில் நடுவே பெரிய தூண், சுற்றிலும் சின்னத் தூண்கள். "தட்டிக் காட்டுதேன், கேளுங்க ஐயா" என்று அண்ணாச்சி உள்ளே போனார். வாசல் வரை கேட்கவில்லை. கேட்டது என்று சொல்லிவைத்தேன். சின்ன வயதில் அம்மா இடுப்பில் தூக்கி, அந்தத் தூணில் என் காதை வைப்பாள். கல் குளிரும்.

மரக்கூரை போட்ட சபை மண்டபம், பாதி அளவு பாக்கி.

20, வெள்ளி

நாலு மணியிலிருந்து வருகிற பெண்கள் முகத்தையெல்லாம் பார்த்தேன். நெற்றி நிறையக் குங்குமம், அரக்குச் சேலை, கனத்த உடம்பு. எந்தக் கூட்டத்திலும் அம்மா தெரிவாள். வரவில்லை.

நடுவில் அண்ணாச்சி அளவோடு வந்தார். குனிந்து எழுதுகிறேன், வெள்ளைச்சேலைக்காரி ஒருத்தி பலகையை ஒட்டி வந்து நின்றாள். நகரவே இல்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, வெளிச்சம் மறைக்குது" என்றேன். நிமிரக்கூட இல்லை, அவ்வளவு எரிச்சல். தள்ளிப் போனாள்.

விளக்கு வைக்கும்வரை இருந்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ.

21, சனி

அளவு முடிந்தது. அண்ணாச்சி சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"நேத்து உள்ள ஒரு அம்மா கேட்டாவ. வாசல்ல படம் எழுதுதாரே, அவரு நேரத்துக்குச் சாப்பிடுதாரான்னு."

"எந்த அம்மா?"

"வெள்ளைச்சேலை கட்டி, மெலிஞ்சு இருப்பாவ. மேல ரத வீதி அரிசிக்கடைப் பிள்ளை சம்சாரம். அவரு போயி மூணு வருசமாச்சுல்லா. பாவம்."

அப்பா இல்லை. மூன்று வருஷமாக இல்லை. நான் குங்குமத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றவளைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

சாப்பிடவில்லை.

22, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனேன். வாசலில் தம்பி. "அம்மாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்" என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்தவரிடம் சொன்னான்: "செத்தவன் வாசலுக்கு வந்தா வீட்டுக்கு ஆகாது அண்ணாச்சி." கதவைச் சாத்திக்கொண்டான்.

உள்ளே அம்மிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நின்றது. ரொம்ப நேரம் நின்றேன். அப்புறம் அம்மிச் சத்தம் மறுபடி கேட்டது. திரும்பிவிட்டேன்.

23, திங்கள்

பனி கூடுதல். ரயில் ஏழு மணிக்கு. படச்சுருள் 6, பலகை, பெட்டி. மாடசாமி அண்ணாச்சி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை அந்த அம்மாவப் பாத்தா, நேரத்துக்குச் சாப்பிடுதாருன்னு சொல்லுங்க" என்றேன்.

"சொல்லுதேன். வேற ஏதும் சொல்லணுமா ஐயா?"

அன்றைக்கு வெளிச்சம் மறைக்கவில்லை என்று சொல்லச் சொன்னேன்.