பக்கம் முடிந்தும் நிற்காத வாசிப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் குறட்டையும் சுகமாகத்தான் இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, என்னைப் போல அழகு குறையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் கடைக்குட்டி பேச்சை எடுத்தாலே நீ மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறாய், கடிதம் என்றால் நீ அழுதாலும் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகலாம். நல்ல சேதிதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு படி.

உன் தங்கை வாயால் கேட்டால் எல்லாம் சொல்கிறாள், எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னால் மட்டும் வயிற்று வலி என்கிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாரே, அது ஏன் என்று பள்ளிக்கூடத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். எங்கள் சம்மதம் இல்லாமல் ஆரம்பிக்கவே மாட்டார்களாம். முதலில் கண், காது. இரண்டும் நன்றாக இருக்கிறது, மிட்டாய் டப்பா மூடி திறக்கும் சத்தம் தெருமுனையில் கேட்கிறவளுக்குக் காதில் என்ன குறை. அப்புறம் சோதனை செய்கிற மேடம் ஒருவர் வந்து வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவளைக் கவனித்தார். என்னையும் கூப்பிட்டு எப்போது நடந்தாள், எப்போது பேசினாள் என்று கேட்டார். பேச ஆரம்பிச்சது ஞாபகம் இல்லீங்க, நிறுத்தினது மட்டும் இதுவரைக்கும் இல்லை என்றேன்.

சிரித்தேனே தவிர எனக்கு உள்ளே உதறல். சோதனையில் சரியாகச் செய்யாவிட்டால் பிள்ளையைத் தோழிகளிடமிருந்து பிரித்து வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இஸ்திரிக் கடையில் என் கூட வேலை செய்பவள் கிளப்பிவிட்டாள். உடனே நாங்கள் இரண்டு பேரும் அவளைத் தயார் பண்ண இறங்கிவிட்டோம். கட்டை அடுக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டு உன் அப்பா பட்டறையிலிருந்து துண்டுக் கட்டைகளை இழைத்து வர்ணம் அடித்துக் கொண்டுவந்தார். வாசிக்கச் சொன்னால் இதைத்தான் கொடுப்பார்கள் என்று அவள் புத்தகத்தில் நாய் ரயிலில் போகும் பாடத்தை அவர் தத்தித் தத்தி வாசிக்க, அவள் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டாள்.

சோதனை அன்று நான் வராண்டாவில், கதவு பாதி திறந்திருந்தது. கட்டைகளை மளமளவென்று அடுக்கிவிட்டு, இதை யாரு செஞ்சது, ஓரமே இழைக்கல, எங்கப்பா பார்த்தா திட்டுவாரு என்று மேடத்திடமே குறை சொன்னாள். அடுத்து அந்த நாய்ப் பாடம். ஏற்ற இறக்கத்தோடு அப்படி வாசித்தாள், நான் வெளியே தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பக்கம் முடிந்தது, அவள் நிறுத்தவில்லை. புரட்டாமலேயே அடுத்த பக்கத்தையும் வாசித்து முடித்துவிட்டாள்! மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன், என் உடம்புக்கு அந்தத் தூண் எந்த மூலைக்கு.

ஏம்மா, டாக்டர்கிட்ட போறப்ப இருமலை வீட்லயே விட்டுட்டா போவீங்க என்று கேட்டுச் சிரித்தார். இது பாஸ் பெயில் இல்லீங்க, எங்கே தடுக்குதுன்னு தெரிஞ்சாத்தானே கை கொடுக்க முடியும், நீங்க அதையே பூசி மெழுகிட்டீங்களே என்றார். யாரும் பிள்ளையை எங்கேயும் அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னார். பிறகு அவள் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தார். இரண்டாவது வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வயிற்று வலி வரப்போகிறது என்று நினைத்தேன். அவளோ, எனக்கு இது தெரியலை மேடம் என்றாள். சபாஷ், இதைக் கேட்கத்தான் நான் வந்தேன் என்று மேடம் கை தட்ட, உன் தங்கைக்கு வாயெல்லாம் பல்.

பிறகு டீச்சர், மேடம், தலைமை ஆசிரியை, நாங்கள் இரண்டு பேர் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். அதே வகுப்பு, அதே தோழிகள். தினமும் கொஞ்ச நேரம் மட்டும் சிறப்பு ஆசிரியை தனியாக எழுத்து சொல்லிக்கொடுப்பார். பரீட்சையில் கேள்வியை வாசித்துக் காட்டுவார்கள், கூடுதல் நேரமும் உண்டு. ஞாபகசக்தி அபாரமாம், அது என் பக்கம் என்றேன், கைவேலை தன் பக்கம் என்கிறார் உன் அப்பா, வாய் யார் பக்கம் என்று வந்தபோது இரண்டு பேரும் உன்னைத்தான் கைகாட்டினோம். வயிற்று வலி போன இடம் தெரியவில்லை.

நீயும் வேலையிடத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு, எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டுவது அப்பாவோடு போகட்டும். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாயிரு கண்ணே. ஒன்று மறந்துவிடாதே, இந்தத் தாளுக்குப் பின்னால் உன் தங்கை ஒரு வரி எழுதியிருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை, சாயங்காலம் முழுக்க முட்டி மோதி அவளே எழுதியது, அக்காவுக்கு மட்டும்தான் என்று எனக்குக்கூடக் காட்டவில்லை. புரட்டிப் பார். புரட்டாமலேயே வாசிக்க நீ என்ன உன் தங்கையா?

இப்படிக்கு,
தூணுக்குள் அடங்காத உன் அம்மா