ஒதில் அக்காவின் பிரெஞ்சுப் பாடம்

9 செப்டம்பர் 2007

பக்கவாதம் வந்த ஒதில் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். வலது கை கொஞ்சம் அசைகிறது. பேச்சுதான் போய்விட்டது. பிரான்சிலிருந்து வந்து பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்து, தெருக்குழாயில் சண்டை போடும் அளவுக்குப் பழகிய தமிழ். அதில் ஒரு சொல் கூட மிச்சமில்லை. வாயைத் திறந்தால் "உய்" மட்டும் வருகிறது. பிரெஞ்சில் ஆமாம் என்று அர்த்தம். காப்பி வேணுமா என்றால் உய். வேணாமா என்றால் அதற்கும் உய்.

தாய்மொழிதான் முதலில் திரும்பும் போலிருக்கிறது, அதையே காதில் போட்டுக்கொண்டிருங்கள் என்றார் டாக்டர். யார் போடுவது? ஆசிரமத்துப் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் டிசம்பரில்தான் வருவார்கள்.

11 செப்டம்பர்

அக்காவின் தங்கை ழனின் பிரான்சிலிருந்து போன் செய்தாள். அவளுக்கும் அரைகுறை இங்கிலீஷ், எனக்கும் அரைகுறை. பொங்கலுக்குள் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். அக்காவுக்கு விருப்பமா என்று கேட்டுச் சொல் என்றாள்.

கேட்டேன். ஊருக்குப் போறீங்களா? உய். இங்கயே இருக்கீங்களா? உய்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? "அவங்க வாயால சொல்லட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எந்த பாஷைல?" என்றார். அவரிடம் கோபித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

இங்கேதான் இருப்பேன் என்று சொல்வார்கள். எனக்குத் தெரியும்.

16 செப்டம்பர்

தருமன் அண்ணன் பிரவுசிங் சென்டரில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிரெஞ்சு, இலவசம், ஒலி என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டினேன். வந்ததில் பாதி, இரண்டு பாடம் கொடுத்துவிட்டு மூன்றாவதில் கார்டு நம்பர் கேட்கிறது. ஒன்றில் பாட்டு மட்டும். கடைசியாக ஒரு தளம் கிடைத்தது. முதல் பாடத்திலிருந்து எல்லாமே சும்மா இறக்கிக்கொள்ளலாம். ஒரு பெண்மணி நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள். தருமன் அண்ணன் சிடியில் ஏற்றிக் கொடுத்தார். வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் ஓடும் என்றார்.

17 செப்டம்பர்

சிடி சரியில்லை. அந்தப் பெண்மணி ஒரு வார்த்தை சொல்கிறாள், உடனே சத்தமே இல்லை. மறுபடி ஒரு வார்த்தை, மறுபடி சத்தமில்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன். "நெட்டு விட்டு விட்டு வருதும்மா, அதான் அங்கங்க நின்னிருக்கு" என்றார் தருமன் அண்ணன். திரும்ப இறக்கினோம். அதே கதை. இந்த ஊர் நெட்டை நம்பி எவன் பிரெஞ்சு கற்றுக்கொள்வது!

20 செப்டம்பர்

தருமன் அண்ணன் சத்தமில்லாத இடங்களையெல்லாம் ஏதோ சாப்ட்வேரில் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது தடையில்லாமல் ஓடுகிறது. அரை மணிப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. எங்களுக்கு ஒரே பெருமை.

4 அக்டோபர்

தினமும் போடுகிறேன். அக்கா ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான்தான் கற்றுக்கொள்கிறேன். பொன்ழூர் என்றால் வணக்கம். இசி என்றால் இங்கே. லாபா என்றால் அங்கே.

இன்று பாடம் ஓடும்போது 89-ஆம் வருடம் ஞாபகம் வந்தது. அக்கா வந்த புதிது, எனக்குப் பதினாறு வயது. கையில் கிடைத்ததையெல்லாம் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்பார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொல்வாள். முறம். உமி. கல்லு. அக்கா அதைத் திருப்பிச் சொல்லும் வரைக்கும் அம்மா கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டாள், மறுபடி சொல்வாள். நாங்கள்தான் மறைவாகப் போய்ச் சிரிப்போம். "இன்னும் ஒரு வருஷத்துல இவ நம்மளயே வித்துட்டு வந்துடுவா பாரு" என்பாள் அம்மா. அப்படித்தான் ஆனது. அம்மா செத்தபோது வந்தவர்களுக்கெல்லாம் விவரம் சொல்லி உட்கார வைத்தது அக்காதான். என் வாயில் அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன.

13 அக்டோபர்

முதலில் இதை எழுதிவிட வேண்டும்.

காலையில் அவசரத்தில் பழைய சிடியைப் போட்டுவிட்டேன். அந்த ஓட்டை சிடி. நான் அடுப்படியில் இருந்தேன். பெண்மணி பொன்ழூர் என்றாள். சத்தம் நின்றது. அந்த இடைவெளியில் இன்னொரு குரல், கரகரவென்று, பொன்ழூர் என்றது.

ஓடி வந்து பார்த்தால் அக்கா! டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த வார்த்தை, அடுத்த இடைவெளி, உதடு தடுமாறுகிறது, பாதி வருகிறது.

அட மண்டு, அது ஓட்டை இல்லையே. திருப்பிச் சொல்லத்தான் அந்த இடம் விட்டிருக்கிறாள். நானும் தருமன் அண்ணனும் அதை வெட்டி எறிந்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். மூன்று வாரம் அக்காவைப் பேசவே விடாமல் பாடம் நடத்தியிருக்கிறோம்.

தருமன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மீதிப் பாடங்களை வெட்டாமல் ஏற்றிக் கொடுத்தார்.

2 நவம்பர்

இன்று என் ரசத்துக்கு அக்கா "நோன்" என்றார்கள். வேண்டாம். முதல் வேண்டாம்! இத்தனை வருடம் மரியாதைக்காகத்தான் குடித்தார்களா?

25 நவம்பர்

மலைத் தீபத்துக்கு வந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. தெருவில் வண்டிச் சத்தம். கதவைச் சாத்திவிட்டு நானும் அக்காவும் பாடம் கேட்டோம். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து திருப்பிச் சொல்கிறோம். நான் தப்பாகச் சொன்னால் என் முட்டியில் தட்டுகிறார்கள். ஆனால் தமிழ் வரவே இல்லை. முறத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர்.

6 ஜனவரி 2008

இன்று கேட்டுவிட்டேன். ழனின் அடுத்த வாரம் வருகிறாள், இனித் தள்ள முடியாது. நேற்றெல்லாம் மனப்பாடம் செய்த கேள்வி. இங்கேயா, அங்கேயா? இசி? லாபா?

அக்கா ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் நிறுத்தி நிறுத்தி, "ஷே மா ஸர்" என்றார்கள்.

என் தங்கை வீட்டுக்கு. எட்டாவது பாடத்தில் இருக்கிறது. புரியாமல் போயிருக்கக் கூடாதா?

7 ஜனவரி

யாரிடமும் சொல்லவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். இரண்டு கேள்விக்கும் உய் என்றுதான் சொன்னார்கள் என்று ழனினிடம் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? டாக்டரும் இங்கே இருப்பது நல்லது என்றுதான் சொல்வார். நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? யார் பார்ப்பாங்க என்ன மாதிரி?

ஒரு வாய் சாப்பிடவில்லை.

8 ஜனவரி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவங்க வாயால சொல்லட்டும்னு நீதான சொன்ன" என்றார். அவ்வளவுதான். கீழ்பென்னாத்தூருக்கு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சாயந்திரம் ழனினுக்கு போன் செய்தேன்.

19 ஜனவரி

போய்விட்டார்கள். டாக்சி திரும்பும் வரை நின்றிருந்தேன். பாடங்கள் இருந்த சிடிகளை ழனின் கையில் கொடுத்தேன். சிரித்தாள், அங்கே எல்லாரும் பிரெஞ்சுதானே பேசுவார்கள் என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

23 மார்ச்

அக்கா போன் செய்தார்கள். அவர்களே எண் போட்டார்களாம். முழு வாக்கியமாகப் பேசுகிறார்கள், என்னை விட வேகம். மெதுவாக, மெதுவாக என்று நான்தான் பிரெஞ்சில் கெஞ்சினேன். சாப்பாடு சூப். குளிர் குறையவில்லை. கட்டில் ஜன்னலோரம். அதற்கப்புறம் ஒன்று சொன்னார்கள், அதுவும் எனக்கு அப்படியே புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் உய், உய் என்றேன். நல்லா இருங்க என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வைத்தேன். ஒரு தப்பு இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக இருந்ததாம் எனக்கு, வீட்டுக்காரர் சொன்னார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஜன்னலத் தெறந்தா மலை தெரியலையாம்" என்று தமிழில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.