நடுங்காத கை

திருகோணமலை
தீபாவளிக்கு ஒரு கிழமைக்கு முன்

அன்பு மகள் துஷாந்திக்கு,

கோணேசர் துணையால நீயும் மருமகன் ஜதுர்சனும் வயித்தில இருக்கிற பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டு அப்பா எழுதுறன். நாங்களும் இஞ்ச அப்பிடியே எண்டு அடுத்த வரியை எழுதிறதுதான் முறை, ஆனால் இந்தமுறை அதை எழுதப் பேனை போகுதில்லை. முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன், அம்மா இப்ப எழும்பி நடமாடுறா, குசினியில நிண்டு எனக்குத்தான் ஏசிக்கொண்டிருக்கிறா, அதால நீ பதறாமல் ஆறுதலாக் கதிரையில இருந்து இதை வாசி, மருமகனும் பக்கத்தில இருந்தால் இன்னும் நல்லது. போனில சொல்லலாமெண்டால் நீ எடுக்கிற நேரமெல்லாம் அம்மாதான் போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா, எனக்குக் கிடைக்கிறது அவவின்ர தோளுக்குப் பின்னால நிண்டு கையைக் காட்டுற வேலை மட்டும்தான். அதுதான் தாளில எழுதி மருந்துக்கடை மஹ்ரூப்பிட்டக் குடுக்கப் போறன், அவர் தன்ர போனில படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவார். அம்மாவுக்கு இது தெரியாது, தெரிஞ்சால் எனக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இல்லை.

போன வருஷம் உனக்கு அந்தப் பிள்ளை தங்காமல் போச்சுதெல்லோ, அதில இருந்து அம்மா செவ்வாயும் வெள்ளியும் ஒரு பருக்கை வாயில வைக்கிறேல்லையாம். எனக்கே இது போன கிழமைதான் தெரிய வந்தது. எனக்குப் போட்டுத் தந்திட்டு, தான் முதலே சாப்பிட்டாச்சு எண்டுவா, நானும் என்ர கோப்பையைப் பாப்பனே தவிர அவவின்ர கோப்பை நனைஞ்சிருக்கோ எண்டு எங்க பாத்தனான். சாப்பாட்டை விட்டவ சீனி வருத்தத்துக்குப் போடுற குளிசையையும் விட்டிருக்க வேணுமெல்லோ, அதை விட்டால் டொக்டர் ஏசுவார் எண்டு அதை மட்டும் ஒழுங்காப் போட்டிருக்கிறா. வெறுவயித்தில அந்தக் குளிசை போனால் சீனி இறங்காமல் என்ன செய்யும். விரத நாளில பத்துப் பதினொரு மணியானால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். போய் டொக்டரிட்டச் சொன்னது என்னவெண்டால் கை நடுங்குது, நெஞ்சு அடிக்குது, அவ்வளவும்தான். விரதக் கதையை வாயே திறக்கேல்லை, வெளியில சொன்னால் பலன் இல்லாமல் போயிடும் எண்டது அவவின்ர எண்ணம். அவர் பிரஷரை அளந்து பாத்திட்டு, அதுவும் கூடினபடிதான் நிண்டது, முந்திப் போட்ட அட்டெனலோலை மாத்தி ப்ரொப்ரனலோல் எண்டு வேற ஒண்டு எழுதித் தந்தார். அவரில பிழை சொல்ல ஏலாது பிள்ளை, அவருக்குச் சொன்ன வருத்தத்துக்கு அவர் மருந்து தந்தவர். ரெண்டு மூண்டு நாளில நடுக்கம் நிண்டு போச்சுது. ஆகா என்ன மாதிரி மருந்து எண்டு நான் மஹ்ரூப்பின்ர கடையில நிண்டு எல்லாருக்கும் பெருமையாப் புளுகினனான்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் இறங்குதுறையில, என்னோட மூதூர்ப் படகில வேலை செய்த ஸெய்னுதீனோட கதைச்சுப்போட்டு வீட்டுக்கு வந்தனான். குசினியில பைப் திறந்தபடி கிடக்கு, தண்ணி ஓடுது. அம்மா கதிரையில இருக்கிறா, மடியில பாதி வெட்டின புடலங்காய், கையில கத்தி. என்னைப் பாத்து, தம்பி எப்ப வந்தனீ, மூதூர் லோஞ்ச் போயிட்டுதோ எண்டு கேக்கிறா. செத்துப்போன உன்ர குலசிங்கம் மாமாவை நினைச்சுக்கொண்டு என்னட்டக் கேக்கிறா. நான் பிந்தி வந்ததுக்குப் பகிடி பண்ணுறா எண்டு நினைச்சு எனக்குக் கோவம் வந்திட்டுது, இதென்ன விசர்க்கதை எண்டு சத்தம் போட்டிட்டன். கத்தி பிடிச்ச கையை நான் வடிவாப் பாத்தனான் பிள்ளை, ஒரு துளி நடுக்கம் இல்லை. சீனி இறங்கினால் கை நடுங்கும் எண்டுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தவை, அதால அந்த எண்ணமே எனக்கு ஓடேல்லை. என்ர சத்தம் கேட்டு வேலிக்கு அங்கால இருந்து றுக்கியா ஓடி வந்தவ, அவவின்ர மனிசனுக்கும் சீனி வருத்தம்தானே. வந்தவ அம்மாவின்ர கழுத்தில கையை வைச்சுப் பாத்தா, சட்டை முதுகெல்லாம் தெப்பமா நனைஞ்சு கிடக்கு. என்னைப் பாத்து வாயை மூடச் சொல்லிப்போட்டு, சீனியைக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாப் பருக்கினா. நான் சுவரைப் பிடிச்சுக்கொண்டு முருகா முருகா எண்டு நிண்டதுதான் மிச்சம். கொஞ்ச நேரத்தால அம்மா என்னை நிமிந்து பாத்து, பைப்பை ஏன் பூட்டாமல் விட்டிருக்கிறீங்கள் எண்டு ஏசினா. அந்த ஏச்சைக் கேட்டு நான் அழுதிட்டன்.

ஓட்டோவில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடி ஒரு நாள் மறிச்சு வைச்சிருந்தவை. அங்க ஒரு பொம்பிளை டொக்டர், உன்ர வயசுதான் இருக்கும், பொறுமையா இருந்து எனக்கு விளங்கப்படுத்தினவ. இந்தச் சாதிக் குளிசை நெஞ்சை ஓடவிடாமல் பிடிச்சு வைக்குமாம், பிரஷரும் இறங்குமாம். ஆனால் சீனி இறங்கேக்க உடம்பு காட்டுற நடுக்கத்தையும் படபடப்பையும் சேத்து மறைச்சுப்போடுமாம், அதுவும் ப்ரொப்ரனலோல் உடம்பு முழுக்க வேலை செய்யிறதால கூடுதலா மறைக்குமாம். வேர்வையை மட்டும் மறைக்காதாம். நான் மூதூர் லோஞ்சில எஞ்சின் பாத்த காலத்தில எண்ணெய் இறங்கினால் அடிக்கிற மணி ஒண்டு இருந்தது, அந்தச் சத்தம் அரியண்டம் எண்டு ஸெய்னுதீன் அதுக்குள்ள சீலையை அடைஞ்சு விட்டவன், பேந்து நடுக்கடலில எஞ்சின் இறுகித்தான் எங்களுக்கு விளங்கினது. அம்மாவுக்கும் அதைத்தான் செய்து வைச்சிருக்கிறம். இப்ப பிசோப்ரலோல் எண்டு மாத்தித் தந்திருக்கினம், சின்ன அளவில காலமையில ஒண்டு, சீனிக் குளிசையையும் பாதியாக் குறைச்சிருக்கினம். இது நெஞ்சோடதான் கூடுதலா நிக்குமாம், மறைக்கிறது குறைவாம், ஆனால் மறைக்கவே மாட்டுது எண்டு தன்னால சொல்ல ஏலாது எண்டும் சொன்னவ. அந்தச் சொல்லைக் கேட்டதில இருந்து எனக்கு நித்திரை இல்லை.

கிளினிக்கில மற்ற வருத்தக்காரரோட வாங்கில போய் இருந்தால் இன்னும் பயம் கூடுது, எல்லாரும் தங்கட குளிசையைப் பற்றித்தான் கதை. ஸெய்னுதீன் அட்டெனலோல் போடுறவன், கையும் காலும் ஐஸ் மாதிரிக் கிடக்கு, நாலு படி ஏறினால் களைக்குது எண்டு புறுபுறுக்கிறான். நிலாவெளிப் புஸ்பராணி அக்காவுக்குக் கார்விடிலோலாம், படுக்கையால சட்டெண்டு எழும்பினால் தலையைச் சுத்தி விழப் பாக்குதாம், எண்டாலும் சீனிக்காரருக்கு அது நல்லதாம் எண்டு தன்ர டொக்டர் சொன்னவராம். இன்னொருத்தர் தனக்கு முந்தி ப்ரொப்ரனலோல் தந்து இழுப்பு வந்து மூச்சு எடுக்க ஏலாமல் போச்சுது எண்டார். எல்லாத்துக்கும் கடைசியில லோல் லோல் எண்டுதான் வருது, ஒண்டு ஒண்டுக்கு ஒரு குணம். எல்லாத்தையும் கேட்டிட்டு, ஒண்டுமே வேணாம், எல்லாத்தையும் தூக்கிக் கடலில எறிவம் எண்டு நான் டொக்டர் பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டன். அவ துடிச்சுப்போனா, ஒரேயடியா நிப்பாட்டினால் நெஞ்சு தாறுமாறா அடிக்கும், அது இதைவிட மோசம் எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டவ. போட்டாலும் பயம், விட்டாலும் பயம். இப்ப நான் மணிக்கொருக்கால் அம்மாவின்ர கையைப் பிடிச்சுப் பாக்கிறன், பேந்து கழுத்தில வேர்வை இருக்கோ எண்டு தடவிப் பாக்கிறன். கை குளிர்ந்துதான் கிடக்கு, உங்கட நோர்வேக் குளிரில நிண்ட ஆள் மாதிரி. கலியாணம் கட்டின காலத்தில பிடிக்காத கையை இப்ப என்னத்துக்குப் பிடிக்கிறீங்கள், றுக்கியா பாத்தால் சிரிப்பா எண்டு ஏச்சு வேற.

இனித்தான் நான் எழுத வந்த விசயம். தீபாவளி முடிய அடுத்த நாள் கந்தசஷ்டி தொடங்குது. நீ திரும்பப் பிள்ளைத்தாச்சி எண்டு சொன்ன அண்டைக்கே அம்மா நேர்த்தி வைச்சிட்டா, பிள்ளை தங்கினால் ஆறு நாளும் தீர்த்தத்தோட மட்டும் இருக்கிறது எண்டு. டொக்டருக்கு ஓம் ஓம் எண்டு தலையாட்டினவ, ஓட்டோவில ஏறினதும் என்னட்டச் சொல்லுறா, அஞ்சு மாசம் பிள்ளை வயித்தில நிக்குது, முருகனிட்ட வாங்கிக்கொண்டு குடுக்காமல் விடுறதோ எண்டு. நான் கெஞ்சிப் பாத்தன், ஏசிப் பாத்தன். கோயில் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்து, வருத்தக்காரர் பாலும் பழமும் ஒரு நேரச் சோறும் எடுக்கலாம், மனசுதான் முக்கியம் எண்டு அவர் வாயால சொல்ல வைச்சன். ஐயர் விட்டுக்குடுப்பார், வேல் விட்டுக்குடுக்குமோ எண்டு அவர் போனாப்பிறகு கேக்கிறா. ஆறு நாள் பட்டினியும் இந்தக் குளிசையும் சேந்தால் அம்மா எனக்கு இல்லை பிள்ளை. அதுவும் ஒரு சத்தம் இல்லாமல், ஒரு நடுக்கம் இல்லாமல், நான் விறாந்தையில பேப்பர் பாத்துக்கொண்டு இருக்கேக்க போயிடுவா எண்டுதான் பயம்.

அவ ஆற்ற சொல்லும் கேக்க மாட்டா, உன்ர சொல்லைத்தான் கேப்பா. நேர்த்தி உனக்காக வைச்சது, நீ வேணாமெண்டால்தான் அவவுக்கு மனம் ஆறும். அம்மா, மாசியில பிள்ளைப்பெறுக்கு நீ வந்து நிக்க வேணும், பெத்த உடம்புக்கு எனக்குச் சரக்குக்கறி அரைச்சுத் தர இஞ்ச ஆர் இருக்கினம், விசாவும் வந்து கிடக்கு, நீ சாப்பிடாமல் விழுந்தால் நான் பிள்ளையை எப்பிடித் தனியப் பாப்பன் எண்டு அழுத்திச் சொல்லு. அழுதாலும் பரவாயில்லை. ஆனால் எனக்கு இன்னொரு பயமும் இருக்கு, அதை மறைக்க மாட்டன். நீ வேணாமெண்டு சொல்லிப் பேந்து உனக்கு ஏதும் ஒண்டு நடந்தால், என்ர வாயாலதானே எண்டு நீ காலம் முழுக்க நினைப்பாய். அந்தப் பாரத்தை உன்ர தலையில வைக்க எந்த அப்பனுக்கு மனம் வரும். முருகனுக்கு எனக்கும் பயம்தான். அதால நேற்றுக் காலமை குளிச்சுப்போட்டு நான் தனியக் கோயிலுக்குப் போய் அவன்ர முன்னால நிண்டு சொல்லிப்போட்டன், இரத்தினேஸ்வரி வைச்ச நேர்த்தியை அவவின்ர புருஷன் சிவகுரு எடுக்கிறன், ஆறு நாளும் தீர்த்தத்தோட நான் இருக்கிறன், குறை குற்றம் இருந்தால் என்னட்ட வா, என்ர பொஞ்சாதியிட்டயும் பிள்ளையிட்டயும் போகாதை எண்டு. காலமைத் தேத்தண்ணி இல்லாமல் ஒரு மணித்தியாலம் இருக்க ஏலாத ஆள் எண்டு அம்மா சிரிப்பா, சிரிக்கட்டும். எனக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை, எனக்கு ஒண்டும் ஆகாது. நீ ஒண்டையும் யோசிக்காமல் அம்மாவுக்குச் சொல்லு, நேர்த்தி இப்ப என்ர பேரில.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, படி இறங்கேக்க கைபிடியைப் பிடி, பனியில வழுக்குற சப்பாத்தைப் போடாதை, மருமகனிட்டச் சொல்லி நல்லதாய் ஒண்டு வாங்கு. உனக்கும் பிரஷர் பாக்கிறவை எல்லோ, ஏதும் குளிசை தந்தால் என்ன குளிசை, என்ன செய்யும், எதோட சேரக்கூடாது எண்டு கேட்டுப்போட்டுப் போடு, சாப்பாடு, விரதம், உள்ளது எல்லாத்தையும் ஒளிக்காமல் சொல்லு. எங்கட வீட்டுக் குணம் ஒளிக்கிறதுதான், அது உன்னோட போக வேணாம். வீடியோவில அம்மாவோட கதைக்கேக்க அவவின்ர கையைப் பாக்காதை, நெத்தியைப் பார். நெத்தி மினுங்கினால் ஒரு கேள்வியும் கேளாமல் சீனியை வாயில போடச் சொல்லு, நான் பின்னால நிப்பன்.

கோணேசரும் மாதுமை அம்பாளும் உங்கள் மூண்டு பேரையும் காக்க வேணும், நிறைமாசமாய் இருந்து நல்லபடியாப் பெத்தெடுக்க அப்பாவின்ர ஆசீர்வாதம். இதை வாசிச்ச உடன அம்மாவுக்குப் போன் எடு, நாளைக்கு எண்டு விடாதை. எழுத்து கோணல்மாணலாக் கிடக்கு எண்டு எனக்கு என்னவோ எண்டு பயப்படாதை. நான் அந்தக் குளிசை ஒண்டும் போடுறேல்லை, அதாலதான் கை நடுங்குது.

இப்படிக்கு,
உன்ர நினைவாகவே இருக்கும் அப்பா
சிவகுரு