நேர்ந்துவிட்ட பிள்ளை

என் ஆத்தாவுக்கு, கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் நீ என் ஆத்தாதான்.

உன் முப்பதாம் நாள் ஜெபம் நல்லபடியாக முடிந்தது. தம்பிக்குத் துபாயில் லீவு கிடைக்கவில்லை, வீடியோவில் அழுதான். சாப்பாட்டுக்கு ஊரே வந்தது. "நம்ம ஊரு அன்னாளு போயிட்டாளே! பெத்த பிள்ளைய ஆண்டவருக்கே கொடுத்த மகராசி" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் போதகர் அங்கியில் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு சித்தியை ஏற்றிவிடக் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உன் தங்கச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? நானும் சும்மா இருக்கவில்லை. "ஆத்தாளுக்கு என்னய நேந்துவிட எப்புடி சித்தி மனசு வந்துச்சு?" என்று பெருமையாகக் கேட்டுவைத்தேன்.

"நேத்திக்கடனாவது ஒண்ணாவது. ஒங்கப்பன் செத்த மறுவருசமே ஒங்காத்தாளுக்கு வேற எடம் அமைஞ்சுச்சு. அந்த மனுசன், பையன் வேணாம்னுட்டாரு. ஒன்னய அன்னவாசல் ஆஸ்டல்ல விட்டுப்புட்டா. ஊருக்கு என்ன சொல்றது? ஒங்கப்பன் வச்ச பேரும் சாமுவேலாப் போச்சா, கதை பொருந்திப்போச்சு. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நிஜமா ஆத்தா?

என்னைக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்க முடியாமல்தான் பிறகு சித்தப்பாவைக் கட்டினேன் என்று சொன்னாயே. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் மாற்றிச் சொல்ல எப்படி வாய் வந்தது உனக்கு?

வேதத்தில் அன்னாள் பிள்ளை இல்லாமல் அழுதாள். ஆண்பிள்ளை பிறந்தால் உமக்கே கொடுப்பேன் என்று பொருத்தனை பண்ணினாள். பிறந்த சாமுவேலைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். அந்தப் பொருத்தனையைத்தான் நீ நம்ம ஊர்ச் சொல்லில் நேர்ந்துவிட்டேன் என்றாய். ஆஸ்டல் பையன்களுக்கு நான் 'நேந்துவிட்ட கெடா'. எனக்கு அதில் பெருமைதான். நேர்ந்துவிட்ட கெடாவை எவனும் விரட்ட மாட்டான், எந்தக் கொல்லையிலும் மேயலாம். கடைசியில் அதை என்ன செய்வார்கள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

அன்னாள் வருஷா வருஷம் மகனுக்குச் சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். நீயும் அறுப்பின் பண்டிகைக்குச் சட்டை கொண்டுவந்தாய். ஒரு வருஷமாவது எனக்குப் பற்றியதா? வார்டன் வீட்டு அம்மாதான் தையலைப் பிரித்துப் பிரித்து விடுவார்கள். அந்த இறுக்கமான சட்டையை வைத்தே எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறேன் தெரியுமா? நடுவில் ஒருதரம் வந்து பார்த்திருந்தால் அளவு தெரிந்திருக்கும். சித்தப்பா வரவிடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது நான் புரிந்துகொண்டிருப்பேன்.

வேதத்துச் சாமுவேலைக் கர்த்தர் ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் ஆலயத்தில் இருந்த கிழவர் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று எழுந்து எழுந்து ஓடினான். நானும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன் ஆத்தா. ஒருநாள் விடியற்காலை "சாமுவேலு!" என்று நிஜமாகவே குரல் வந்தது. விழுந்தடித்து ஓடினேன். சமையல்காரர் தண்ணீர் தூக்கக் கூப்பிட்டிருந்தார். வேறு அழைப்பு எதுவும் இன்றுவரை வரவில்லை. இறையியல் கல்லூரியில் உன் அழைப்பு என்னவென்று கேட்டபோது, என் ஆத்தா என்னை நேர்ந்துவிட்டார்கள் என்றேன். எல்லாரும் உருகிப்போனார்கள். அந்த ஒன்றின்மேல்தான் இத்தனை வருஷம் பிரசங்க பீடத்தில் நின்றேன். இப்போது எதன்மேல் நிற்பேன்?

அங்கியை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறுவது என்றிருந்தேன். நேற்று வாசலில், "ஐயா, இருக்கீங்களா?" என்று ஒரு குரல். புருஷனை இழந்த சின்னப் பெண், இடுப்பில் பையன்.

"இவனை ஊழியத்துக்கு நேந்துவிட்டிருக்கேங்கய்யா. ஆஸ்டல்ல சேத்துவிடுங்க."

"நேந்தது எப்ப? இவன யாரு வேணாம்னு சொன்னா?" என்று கேட்டேன். அவள் தலை நிமிராமல் அழுதாள். அப்போது உன் முகம் அங்கே இருந்தது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

"ஆஸ்டல்ல எடம் வாங்கித் தாரேம்மா. ஆண்டவர் பேரை மட்டும் இதுல இழுக்காத. என்னத்துக்கு விடுறேங்கிறத அவனுக்கு வெவரம் தெரியயில நீயே சொல்லிரு. மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ" என்றேன். சரிங்கய்யா என்றாள்.

சாமுவேல் தீர்க்கதரிசியாகச் சொன்ன முதல் செய்தியே தன்னை வளர்த்த ஏலிக்கு எதிரானதுதான். சொல்லப் பயந்தான், ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. நானும் மறைக்காமல் சொல்கிறேன். நீ என்னை ஏமாற்றிவிட்டாய் ஆத்தா. வேண்டாம் என்று விட்ட பிள்ளையை, வேண்டிப் பெற்றேன் என்று நம்பவைத்தாய்.

வருகிற ஞாயிறு பீடத்தில் நிற்பேன். அன்னாளைப் பற்றி இனி எங்கே பேசினாலும் உன் பேரைச் சேர்க்க மாட்டேன். அந்தப் பையன் ஒருநாள் என்னிடம் வந்து கேட்டால் உள்ளதைச் சொல்வேன். அவன் அம்மாவை அவன் சட்டைக்கு ஒவ்வொரு வருஷமும் அளவெடுக்க வைப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீ யாருக்கும் நேர்ந்துவிடாத உன் மூத்த மகன்,
சாமுவேல்